ப்ரொடக்‌ஷனில் தடுப்பை நிறுத்தச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமைக் குழுவினருக்கு,

போன வாரம் உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு உத்தரவுகள் இருந்தன. எல்லாக் குபர்நெட்டிஸ் கிளஸ்டர்களிலும் (நம் சேவைகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கணினிக் கூட்டங்கள்) ரன்டைம் பாதுகாப்பு விதிகளை, அதாவது சேவை ஓடும்போதே கண்காணிக்கும் விதிகளை, 'தடு' என்பதிலிருந்து 'பதிவு மட்டும்' என்று மாற்ற வேண்டும். காலாண்டு முடிவதற்குள் நோடுகளில், அதாவது அந்தக் கணினிகளில், ஓடும் பாதுகாப்பு ஏஜென்ட்டையே கழற்றிவிட வேண்டும். இமேஜ் ஸ்கேன் (கன்டெய்னர் உருவாகும் மூலப் பிரதியைச் சோதிப்பது) ஏற்கெனவே இருக்கிறது, ஏஜென்ட் சிபியூவைத் தின்கிறது, இந்த மாதத் தொடக்கத்தில் பணத் தீர்வு (செட்டில்மென்ட்) தடைபட்டதற்கு அதுதான் காரணம் என்று மூன்று காரணங்களும் சொல்லியிருந்தீர்கள். முதல் உத்தரவு அன்று இரவே நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது நடந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உள்ளேயே சொல்லிப் பார்த்தோம். எங்கள் டிக்கெட் 'முடிவு எடுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்டது. அதனால்தான் பொதுவில் வருகிறேன். நிறுவனத்தின் பெயரையோ, எந்த வாடிக்கையாளர், எந்தக் கிளஸ்டர் என்பதையோ எழுதப்போவதில்லை. சென்னை ஓஎம்ஆர் ஐடி சாலையில் இதே முடிவை இதே மூன்று காரணங்களோடு எடுத்த வேறு அலுவலகங்களிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தலைமைக்கும் சேர்த்தே இது.

முதலில் இமேஜ் ஸ்கேன். அது என்ன செய்கிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. இமேஜுக்குள் இருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. தேவையான வேலைதான். ஆனால் கன்டெய்னர் ஓடத் தொடங்கிய பிறகு அதற்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நம் சொந்தக் கோடில் உள்ள ஓட்டைக்கு எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது என்பதால் அதுவும் தெரியாது.

ஸ்டேஜிங் கிளஸ்டரில், அதாவது வெளியீட்டுக்கு முன் சோதிக்கும் இடத்தில், நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அறிக்கை தயாரிக்கும் ஒரு சின்ன பைத்தான் சேவை. டெம்ப்ளேட்டைப் பயனர் கொடுக்கலாம் என்று யாரோ வசதி செய்து வைத்திருந்தார்கள். அந்த வழியாக வெளியிலிருந்து ஒருவர் கட்டளையை உள்ளே அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பைத்தான் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) கட்டளைகளை ஓட்டும் ஷெல் ஒன்றைத் திறந்தது. ஷெல் கர்ல் என்ற பதிவிறக்கக் கருவி மூலம் ஒரு ஃபைலை டெம்ப் டைரக்டரியில் இறக்கியது, இயங்கும் அனுமதி கொடுத்தது, ஓடவிட்டது. கிரிப்டோ மைனர்: நம் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். ஸ்டேஜிங்தானே என்று அந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டரின் உட்பிரிவில்) சிபியூ வரம்பு வைக்கவில்லை. ஆட்டோஸ்கேலரும் தன் கடமையைச் செய்து புதிய நோடுகளைச் சேர்த்துக்கொண்டே போனது. அன்று மாலை எடுத்த இமேஜ் ஸ்கேனில் அந்தச் சேவைக்கு எதிரே இருந்தது: கிரிட்டிக்கல், பூஜ்யம்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது மைனர் அல்ல. நம் ரன்டைம் காவல் கருவியான ஃபால்கோ அதைப் பார்த்துவிட்டது. வெப் ப்ராசஸுக்குக் கீழே ஷெல் திறந்ததும் ஒரு அலெர்ட் வந்தது. இமேஜில் இல்லாத பைனரி (இயங்கும் ஃபைல்) ஒன்று ஓடுகிறது என்று அடுத்ததும் வந்தது. கன்டெய்னரின் ஃபைல் சிஸ்டத்தில் இமேஜ் அடுக்குகள் கீழே, எழுத முடியாதவையாக இருக்கும். ஓடும்போது எழுதப்படுவதெல்லாம் மேலடுக்கில் போய் உட்காரும். மேலடுக்கிலிருந்து ஒரு பைனரி ஓடினால் அது நாம் கட்டிய இமேஜோடு வந்ததல்ல என்பது கிட்டத்தட்ட உறுதி. இவ்வளவு தெளிவான தடயம் பாதுகாப்புத் துறையில் அபூர்வம். ஆனால் இரண்டு அலெர்ட்டுகளும் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் மியூட் செய்து வைத்திருந்த ஒரு ஸ்லாக் சேனலுக்கு. திங்கட்கிழமை காலையில் கிளவுட் பில்லைப் பார்த்து நிதிப் பிரிவிலிருந்து கேட்ட பிறகுதான் யாரோ அந்தச் சேனலைத் திறந்தார்கள்.

'பதிவு மட்டும்' என்ற உங்கள் முதல் உத்தரவு நம்மைத் திரும்ப அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் கொண்டு போகிறது.

மைனர் வந்தால் பில்லிலேயே தெரிந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2018 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனத்தின் குபர்நெட்டிஸ் கன்சோல் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்ததை ரெட்லாக் நிறுவனம் வெளியிட்டது. உள்ளே புகுந்தவர்கள் மைனிங் செய்தார்கள். கண்ணில் படாமலிருக்க சிபியூ பயன்பாட்டை வேண்டுமென்றே குறைத்தும் வைத்திருந்தார்கள். அதே இடத்தில் அமேசான் கிளவுடின் சாவிகளும் அவர்கள் கைக்கு எட்டும்படி இருந்தன. தரவைத் திருட வருகிறவனுக்கு சிபியூவே தேவையில்லை. நம்மிடம் வந்தவன் பேராசைக்காரனாக இருந்ததால்தான் பில்லில் தெரிந்தது.

அடுத்தது, ஏன் கெர்னலில், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில், காவல் வேண்டும் என்பது. 'கன்டெய்னருக்குள் வந்தால் கன்டெய்னரோடு போகட்டும்' என்ற நம்பிக்கை உங்கள் மின்னஞ்சலின் அடியில் ஓடுகிறது. விர்ச்சுவல் மெஷின் தனி வீடு என்றால் கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். அறைக்கு அறை கதவு உண்டு. கிணறும் வாசலும் பொது. லினக்ஸின் நேம்ஸ்பேஸும் (குபர்நெட்டிஸ் நேம்ஸ்பேஸ் வேறு) சிகுரூப்பும் போட்டுத் தரும் பிரிவுகளுக்குக் கீழே நோடில் ஓடுவது ஒரே லினக்ஸ் கெர்னல். ஃபைல் திறப்பது, நெட்வொர்க்கில் பேசுவது, புதிய ப்ராசஸ் தொடங்குவது எல்லாமே சிஸ்டம் கால் வழியாக அந்தக் கெர்னலிடம் வந்தாக வேண்டும். அங்கே நின்று பார்ப்பதுதான் ரன்டைம் பாதுகாப்பின் அடிப்படை.

கதவுகள் உடைந்ததும் உண்டு. 2019 பிப்ரவரியில் வெளிவந்த சிவிஇ-2019-5736 ஓட்டையில் (சிவிஇ என்பது தெரிந்த ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியல் எண்), கன்டெய்னருக்குள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, இருப்பவர் நோடில் உள்ள ரன்-சி பைனரியையே மாற்றி எழுத முடிந்தது. கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் கருவியே எதிரியின் கைக்குப் போய்விடும். 2024 ஜனவரி 31 அன்று அதே ரன்-சியில் சிவிஇ-2024-21626 வந்தது. நோடின் ஃபைல் சிஸ்டத்தைச் சுட்டும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலின் கைப்பிடி) மூடப்படாமல் உள்ளே கசிந்ததால், வேலை டைரக்டரியைக் கொஞ்சம் தந்திரமாக அமைத்தாலே வெளியேறிவிடலாம். 1.1.12 பதிப்பில் சரிசெய்தார்கள். அந்தப் பதிப்பை நம் எல்லா நோடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் எடுத்துக்கொண்ட நாட்களை உங்கள் சேஞ்ச் அட்வைசரி கூட்டத்தின் குறிப்புகளிலேயே பார்க்கலாம். ஓட்டை ஊருக்குத் தெரிந்த நாளுக்கும் நாம் பேட்ச் போட்ட நாளுக்கும் இடையே நம்மைக் காக்க என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. ஸ்கேனர் 'உங்களிடம் ஓட்டை இருக்கிறது' என்று தினமும் சொன்னது. நமக்குத்தான் தெரியுமே.

2022 ஜனவரியில் வந்த சிவிஇ-2022-0185 இன்னும் நேரடியான பாடம். அது கெர்னலிலேயே இருந்த ஓட்டை. அதைப் பயன்படுத்தத் தேவையான அதிகாரத்தை, அன்ஷேர் என்ற சிஸ்டம் காலைக் கூப்பிட்டு ஒரு புதிய யூசர் நேம்ஸ்பேஸ் உண்டாக்கியே பெற்றுவிடலாம். கன்டெய்னர் கருவியான டாக்கரின் இயல்பான செக்காம்ப் ப்ரொஃபைல் (சிஸ்டம் கால்களை வடிகட்டும் பட்டியல்) அந்தக் காலைத் தடுக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்களில் சுமார் 44-ஐ அது மூடிவைக்கிறது; சாதாரண சேவைகள் எதற்கும் அவை தேவைப்படுவதில்லை. ஆனால் அதே இமேஜைக் குபர்நெட்டிஸில் ஓட்டும்போது, நாமாகச் சொன்னாலொழிய அந்த ப்ரொஃபைல் போடப்படுவதில்லை. நோடு அளவில் இதை இயல்பாக்கும் வசதி 2023-இல் 1.27 பதிப்பில் நிலையானதாகிவிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை, நோடின் குபர்நெட்டிஸ் நிர்வாகியான கியூப்லெட்டில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். நம் பழைய நேம்ஸ்பேஸ்கள் பலவற்றில் செக்காம்ப் இன்றும் 'அன்கன்ஃபைன்ட்' (கட்டுப்பாடு இல்லை) என்றே இருக்கிறது. மாற்றக் கேட்ட கோரிக்கை 'அடுத்த காலாண்டு' என்ற பலகைக்குக் கீழே தூங்குகிறது.

சரி, செட்டில்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. பணம் போய்ச் சேர வேண்டிய ஃபைல் தாமதமானது, வாடிக்கையாளர்களிடம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். ஆனால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் 'பாதுகாப்பு ஏஜென்ட் ப்ராசஸைக் கொன்றது' என்ற வரியோடு விசாரணை நின்றுவிட்டது. அதற்கு மேலே இரண்டு வரிகள் இருந்திருக்க வேண்டும்.

பேமென்ட் நேம்ஸ்பேஸில் எந்தெந்த பைனரிகள் ஓடலாம் என்ற பட்டியலை, ஓடுவதைக் கவனித்துத்தான் தயாரித்தோம். கவனிக்கக் கிடைத்தது மாதத்தின் நடுவில் ஒரே வாரம். கணக்குச் சரிபார்க்கும் வேலை மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அது கூப்பிடும் ஒரு பழைய கம்ப்ரஷன் பைனரி அந்த வாரம் முழுக்கத் தலைகாட்டவே இல்லை. பட்டியலில் இல்லாதது ஓடப் பார்த்தது, விதி தடுத்தது. முழு மாதம் கவனிக்க வேண்டும் என்று எங்கள் குழு கேட்டது எழுத்தில் இருக்கிறது. ஆடிட் தேதி நெருங்குகிறது என்று மேலிருந்து வந்த பதிலும் எழுத்தில் இருக்கிறது. அப்புறம், அந்த விதியை ஒரு நோடில் போட்டுப் பார்க்காமல் எல்லாக் கிளஸ்டர்களுக்கும் ஒரே இரவில் அனுப்பச் சொன்னதும் அதே ஆடிட் தேதிதான். கோடு வெளியிடும்போது இப்படிச் செய்தால் நீங்களே விடமாட்டீர்கள்.

கூட்டத்தில் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பெயரும் அடிபட்டது. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததைப் பார்த்த யாருக்கும் 'கெர்னலில் ஏஜென்ட்' என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். அங்கே நடந்தது என்னவென்றால், விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடிய டிரைவர் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கிடைத்தவை 20. இல்லாத இடத்தைப் படிக்கப் போய்க் கணினியே விழுந்தது. நம் ஏஜென்ட் லினக்ஸில் இபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) வழியாக ஓடுகிறது. அந்த ப்ரோகிராமைக் கெர்னலில் ஏற்றுவதற்கு முன்பே வெரிஃபையர் அதை அலசிப் பார்க்கும். எல்லை தாண்டிப் படிக்குமா, முடிவில்லாமல் சுற்றுமா என்று சோதித்து, சந்தேகம் வந்தால் ஏற்றவே மறுத்துவிடும். வெரிஃபையரிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, அதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமக்கு நடந்தது அந்த வகை விபத்தே அல்ல. கெர்னல் அசையாமல் ஓடியது. நாம் கொடுத்த விதி தவறு. அதை எந்த வெரிஃபையராலும் கண்டுபிடிக்க முடியாது. படிப்படியாக அனுப்புவதுதான் வழி. அந்த விபத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக்கே அறிவித்த மாற்றங்களில் அதுவும் ஒன்று.

சிபியூ கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏஜென்ட்டின் சுமை அது எதைக் கவனிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு ஃபைல் திறப்பையும் பதிவு செய்யச் சொல்லி ஒரு 'கம்ப்ளையன்ஸ்' விதி நுழைந்த நாளிலிருந்துதான் நம் வரைபடம் ஏறியது. வேண்டாததைக் கெர்னலுக்குள்ளேயே வடிகட்டிவிட்டு வேண்டியதை மட்டும் மேலே அனுப்பினால் அந்தச் சுமை இறங்கும். அந்த விதியை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். அளக்காமலே ஏஜென்ட்டைக் கழற்ற முடிவெடுத்திருக்கிறீர்கள்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று விற்பனைக்காரர் போலப் பேச எனக்கு விருப்பமில்லை. சிஸ்டம் காலின் வாசலில் மட்டும் நின்று பார்க்கும் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. காவல் பார்க்கும் கணத்தில் ஒரு ஃபைல் பெயரைக் காட்டிவிட்டு, கெர்னல் படிக்கும் கணத்தில் வேறு பெயரை மாற்றி வைக்க முடியும் என்று 2021 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் காட்டினார்கள். ஐஓ யூரிங் என்ற வசதியைப் பயன்படுத்தினால் வழக்கமான சிஸ்டம் கால்கள் இல்லாமலே ஃபைலையும் நெட்வொர்க்கையும் தொடலாம். 2025 ஏப்ரலில் ஆர்மோ நிறுவனம் அதை வைத்து, ஒளிந்து வேலை செய்யும் தீய நிரலான ரூட்கிட் ஒன்றை மாதிரிக்காகவே எழுதி வெளியிட்டது. சிஸ்டம் காலை மட்டும் நம்பியிருந்த கருவிகள் அதைப் பார்க்கவில்லை. ப்ராசஸைக் கொல்லும் சிக்னல் அனுப்புவதிலும் நுணுக்கம் இருக்கிறது: ப்ராசஸ் சாகும், ஆனால் அது தொடங்கிவிட்ட எழுத்து வேலை அதற்குள் முடிந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் பதில் கெர்னலின் எல்எஸ்எம் கொக்கிகளில், அதாவது முக்கியச் செயல்களை அனுமதிக்கும் முன் சோதிக்கும் இடங்களில், இருக்கிறது. ஆப்ஆர்மர், எஸ்இ லினக்ஸ் என்ற பாதுகாப்பு வசதிகள் நெடுநாளாக நிற்கும் இடம் அது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.7 முதல் இபிபிஎஃப் ப்ரோகிராம்களையும் அங்கே மாட்டலாம். எந்த வழியாக வந்தாலும் ஃபைலைத் திறக்கும் முடிவு அந்தக் கொக்கியைக் கடந்தாக வேண்டும். அங்கே 'அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டால் செயல் நடக்காது. கியூப்ஆர்மர் என்ற கருவி அந்த இடத்தில் நின்றுதான் தடுக்கிறது, டெட்ராகன் என்ற கருவியும் நிற்க முடியும். நம் நோடுகளில் உள்ள கெர்னல் இதற்குப் போதும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, எந்த விதி எந்த இடத்தில் தடுக்கிறது என்று தெரிந்து எழுதுவது. அதைக் கற்கத் தொடங்கிய நேரத்தில்தான் உங்கள் மின்னஞ்சல் வந்தது.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பாதுகாப்புச் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கவனத்துக்கு வந்தால்தானே கடிகாரம் ஓடும் என்று யாராவது சாமர்த்தியமாக நினைத்தால், அதை ஒரு வாடிக்கையாளரின் வழக்கறிஞர் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும். பல கன்டெய்னர்கள் சில நிமிடங்களே வாழ்பவை. பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) செத்ததும் அதன் மேலடுக்கும் ப்ராசஸ் மரமும் அதோடு போய்விடும். எந்தப் பாடில், எந்தப் ப்ராசஸுக்குப் பிறந்த எந்தப் ப்ராசஸ், எந்த முகவரியோடு பேசியது என்று பிறகு சொல்லக்கூடிய ஒரே பதிவு இப்போது நோடில் உள்ள ஏஜென்ட்டிடம்தான் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் அடுத்த சம்பவத்தில் என்ன நடந்தது என்று எழுத நம்மிடம் எதுவும் இருக்காது.

ஆகவே கேட்பவை இவை.

ஏஜென்ட்டைக் கழற்றும் உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். இது முதலில், உடனே.

எல்லா நேம்ஸ்பேஸ்களிலும் இயல்பான செக்காம்ப் ப்ரொஃபைலைக் கட்டாயமாக்குங்கள். விலக்கு வேண்டும் என்பவர்களும், ப்ரிவிலேஜ்டு (நோடின் மேல் அதிக அதிகாரம் பெற்ற) பாட் ஓட்டுபவர்களும் காரணத்தையும் பொறுப்பாளர் பெயரையும் எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பட்டியலை நிறுவனத்துக்குள் யார் வேண்டுமானாலும் பார்க்க வழி செய்யுங்கள்.

தடுப்பைச் சில குறுகலான விதிகளோடு மட்டும் மறுபடி தொடங்க அனுமதியுங்கள். இமேஜில் இல்லாத பைனரி ஓடக் கூடாது. பேமென்ட் பாடுகளில் ஷெல் திறக்கக் கூடாது. சர்வீஸ் அக்கவுன்ட் டோக்கனை (சேவையின் அடையாளச் சாவியை) அந்தச் சேவையின் ப்ராசஸ் தவிர வேறெதுவும் படிக்கக் கூடாது. மற்றவை இப்போதைக்குப் பதிவிலேயே இருக்கட்டும், எங்களுக்கு அவசரமில்லை.

எந்தத் தடுப்பு விதியும் ஒரு மாதக் கடைசியையும் மாதத் தொடக்கத்தையும் பார்த்த பிறகே ப்ரொடக்‌ஷனுக்குப் போகட்டும். முதலில் ஒரு நோடு, பிறகு ஒரு கிளஸ்டர், பிறகு மற்றவை. விதிகள் கிட் என்ற கோடுக் களஞ்சியத்தில் இருக்கட்டும்; சேவையை எழுதிய குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் சேர வேண்டாம். ஆடிட் தேதிக்காக இந்த வரிசையை மாற்றும் அதிகாரம் யாருக்கும், உங்களுக்கும்கூட, இருக்கக் கூடாது.

அவசரத்தில் ஒரு விதியை நிறுத்த ஆன்-கால் பொறியாளருக்கு அதிகாரம் கொடுங்கள். ஆனால் அப்படி நிறுத்தியது சில மணி நேரத்தில் தானாகக் காலாவதியாக வேண்டும். செட்டில்மென்ட் தடைபட்ட இரவில் இந்த வசதி இருந்திருந்தால் மாடிக்கு மாடி ஒப்புதல் தேடி ஓடியிருக்க மாட்டோம்.

அலெர்ட்டுகளை ஸ்லாக் சேனலிலிருந்து எடுத்து, அதற்கென்று ஊதியமும் ஓய்வும் பெறும் ஒரு சுழற்சிப் பணியாளரின் பேஜருக்கு அனுப்புங்கள். பாடைத் தனிமைப்படுத்தும் அனுமதி அவரிடமே இருக்க வேண்டும். வார இறுதிக்கும் சேர்த்து.

போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை மறுபடி திறந்து, கவனிப்புக் காலத்தைக் குறைத்த முடிவையும் ஒரே இரவில் எல்லா இடத்துக்கும் அனுப்பிய முடிவையும் காரணங்களில் சேருங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பவற்றின் ஆபத்துக்கு யார் கையெழுத்திடுகிறீர்கள் என்பதை இந்த மாதக் கடைசிக்குள் எல்லாப் பொறியாளர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பிளாட்ஃபார்ம் குழுவின் பொறியாளர் ஒருவர்
சென்னை